எம்எல்கே டே அன்று தூங்கிவிடாதீர்கள்: அமெரிக்க வளாகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஜனவரியில் வந்து இறங்கும் மாணவர்களுக்கு முதலில் வாய்க்கும் அரசு விடுமுறை எம்எல்கே டே, அதாவது கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவு நாள். விமானக் களைப்பு தீர்ந்திருக்காது. வங்கிக் கணக்கு திறந்திருக்க மாட்டீர்கள், அறைக்கு மெத்தைகூட வந்திருக்காது. அதற்குள் ‘திங்கட்கிழமை வளாகம் மூடியிருக்கும்’ என்று மின்னஞ்சல் வந்துவிடும். நான் வந்த வருஷம் அன்று மதியம் ஒரு மணி வரை தூங்கினேன். எழுந்து, அறைத் தோழர்களோடு கடைக்குப் போய்த் தள்ளுபடியில் ஒரு ரைஸ் குக்கர் வாங்கினேன். யார் பெயரில் அந்த லீவு என்பது தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

அடுத்த வருஷம்தான், அன்றைக்கு வளாகத்தில் என்னென்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அதன் பிறகு தவறவிட்டதில்லை. இப்போது புதிதாக வருகிற நம் பிள்ளைகள் வாட்ஸப்பில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அண்ணா, நாங்க போகலாமா? அது அவங்க நிகழ்ச்சி இல்லையா?” தாராளமாகப் போகலாம். எப்படிப் போவது, எதற்குப் போவது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. தேதியையும் பெயரையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்

கிங் பிறந்தது 1929 ஜனவரி 15, அட்லாண்டாவில். ஆனால் விடுமுறை ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமை. அதனால் 15 முதல் 21 வரை எந்தத் தேதியிலும் வரும். 2027இல் அது 18ஆம் தேதி. அவர் பிறந்தநாள் நமக்கு மறக்க வழியில்லை, பொங்கலும் 14 அல்லது 15தானே! சிக்கலும் அங்கேதான். இங்குள்ள தமிழ்ச் சங்கங்களில் பலவும் அந்த நீண்ட வார இறுதியைப் பார்த்துத்தான் பொங்கல் விழா வைக்கும். கரும்பு, கோலம், பட்டிமன்றம் எல்லாம் முடிந்து அண்டா கழுவிப் படுக்க நடுநிசி ஆகிவிடும். திங்கள் காலை எட்டு மணிக்குக் கிங் தினப் பணி காத்திருக்கும். அலாரத்தை இரண்டு போனில் வையுங்கள்.

அடுத்தது பெயர். நம்மில் பலர் பழக்கத்தில் ‘மார்ட்டின் லூதர்’ என்று நிறுத்திவிடுகிறோம். அது பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார். அவர் வேறு ஆள். நம்மவர் பிறந்தபோது வைத்த பெயர் மைக்கேல். 1934இல் ஜெர்மனி போய்வந்த அப்பா, அந்தச் சீர்திருத்தவாதியின் நினைவாகத் தன் பெயரையும் மகன் பெயரையும் மாற்றிக்கொண்டார். வளாகத்தில் ‘டாக்டர் கிங்’ என்று சொல்லுங்கள். குறிப்பாக வயதான கறுப்பினத்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1955இல் வாங்கிய முனைவர் பட்டம் அது. கறுப்பின மனிதர் ஒருவரை ‘மிஸ்டர்’ என்று அழைக்கவே பலர் மறுத்த காலம் என்பதால் அந்த ‘டாக்டர்’ அவர்களுக்குச் சின்ன விஷயமில்லை.

இந்த விடுமுறையும் லேசில் வந்துவிடவில்லை. அவர் கொல்லப்பட்டு நான்கு நாளில், 1968 ஏப்ரல் 8 அன்று, ஜான் கான்யர்ஸ் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். சட்டமானது 1983இல். முதல் முறை கடைப்பிடித்தது 1986 ஜனவரி 20. ஐம்பது மாநிலங்களும் ஒத்துக்கொள்ள 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இடையில் 1994இல் இன்னொரு சட்டம் வந்து, இதை ஊருக்கு உழைக்கும் நாளாக அறிவித்தது. அன்று உணவு வங்கி, பூங்கா, பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் தொண்டர்கள் நிற்பது அதனால்தான்.

2. போவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

நமக்குக் கிங் என்றால் 1963இல் வாஷிங்டனில் கனவைப் பற்றிப் பேசியவர். பள்ளி ஆங்கிலப் பாடத்தோடு அது முடிந்துவிடுகிறது. வளாக நிகழ்ச்சிகளும் பல சமயம் அங்கேயே முடிந்துவிடுகின்றன என்பது என் வருத்தம். அந்தக் கூட்டத்தின் முழுப்பெயரே வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி. வேலைதான் முதலில் வருகிறது, கவனியுங்கள். முன்னின்று நடத்தியவர் ஏ. பிலிப் ரேண்டால்ஃப். ரயிலில் படுக்கைப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினச் சிப்பந்திகளுக்குச் சங்கம் கட்டியவர். ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்தவர் பேயர்ட் ரஸ்டின். மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்பது அன்றைய கோரிக்கைப் பட்டியலில் ஒன்று. சுமார் 2,50,000 பேர் கூடினார்கள். மேடையில் கார்த் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ராய்த்தரும் பேசினார்.

டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் நடந்ததை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். 1968 பிப்ரவரி 1, நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் பின்பக்கத்தில் ஒதுங்கினார்கள். குப்பையை அமுக்கும் இயந்திரம் தானாக ஓடி, இருவரையும் நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினத்தவர்கள். முழுநேர வேலை பார்த்தும் அரசு உதவி இல்லாமல் குடும்பம் நடத்த முடியாத நிலை பலருக்கு. கழுத்தில் தொங்கிய அட்டையில் அவர்கள் எழுதியிருந்தது சம்பளக் கணக்கில்லை. ‘நான் ஒரு மனிதன்’ என்ற ஒற்றை வரிதான்.

அவர்களுக்குத் துணை நிற்கத்தான் கிங் மெம்ஃபிஸுக்குப் போனார். மார்ச் 18 அன்று பேசினார். மார்ச் 28 ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. அமைதியாக ஒரு ஊர்வலம் நடத்திக் காட்டியே தீருவது என்று மறுபடி வந்தார். ஏப்ரல் 3 இரவு கடைசிப் பேச்சு. மறுநாள் மாலை லொரெய்ன் விடுதி மாடியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. ஏப்ரல் 8 அன்று அவர் மனைவி கொரெட்டா அதே தெருக்களில் ஊர்வலத்தை நடத்தி முடித்தார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி சங்கத்தை ஏற்றுக்கொண்டு ஒப்பந்தம் போட்டது. அவர் கடைசியாக நின்றது குப்பை அள்ளுபவர்களின் வேலைநிறுத்தத்தில். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால் நிகழ்ச்சிப் பட்டியல் வேறு மாதிரித் தெரியும்.

உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒன்றும் இருக்கிறது. 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதே அக்டோபரில், அதே காற்றில், குடியேற்றச் சட்டம் மாறியது. அதுவரை இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஆண்டுக்கு 100 இடம். நம் ஊர் டாக்டர்களும் எஞ்சினியர்களும் இங்கே வந்து குவிந்தது அந்த வாசல் திறந்த பிறகுதான். ‘அது அவங்க நிகழ்ச்சி’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

3. நிகழ்ச்சிகளை எங்கே தேடுவது

டிசம்பர் கடைசியிலேயே பல்கலைக்கழக நிகழ்ச்சி நாட்காட்டியில் ‘எம்எல்கே’ என்று தேடுங்கள். ஒரு நாளோடு முடியாது, பல இடங்களில் ஒரு வாரம், சில இடங்களில் மாதம் முழுக்க ஓடும். மிச்சிகன் பல்கலைக்கழகம் மாதிரியான இடங்களில் ஆண்டுதோறும் பெரிய கருத்தரங்கே நடக்கும். பிறகு மாணவர் மன்றம், கறுப்பின மாணவர் அமைப்புகள், தன்னார்வப் பணி மையம், நூலகம், வரலாற்றுத் துறை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முன்பெல்லாம் பன்முகப் பண்பாட்டு அலுவலகம் என்று ஒரு கதவைத் தட்டினால் போதும். இப்போது சில மாநிலங்களில் அந்தக் கதவே இல்லை. டெக்சாஸில் 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தால் அரசுப் பல்கலைக்கழகங்கள் அப்படிப்பட்ட அலுவலகங்களை மூடிவிட்டன. அங்கே படிப்பவர்கள் மாணவர் அமைப்புகளையும் நகர நிகழ்ச்சிகளையும் தேடுவதுதான் வழி. ஆஸ்டினில் ஊர்வலம் வளாகத்தில் இருக்கும் கிங் சிலையடியில் கூடித்தான் கிளம்பும். மாணவர்களுக்குக் காரே தேவையில்லை.

ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற பெயரைப் பார்த்தால் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு, தங்க நிறச் சட்டை அணிந்த மாணவர் சகோதரத்துவ அமைப்பு அது. கிங் அதில் உறுப்பினர். பல வளாகங்களில் மெழுகுவர்த்தி ஊர்வலத்தை நடத்துவது அவர்கள்தான்.

4. எதற்குப் போவது

ஏழெட்டு நிகழ்ச்சி இருக்கும், எல்லாவற்றுக்கும் போக முடியாது. காலைச் சிற்றுண்டிக் கூட்டம், தொண்டுப் பணி, ஊர்வலம், மெழுகுவர்த்தி அஞ்சலி, சிறப்புரை, படம் திரையிடல், கட்டுரைப் போட்டிப் பரிசளிப்பு என்று இருக்கும். என் யோசனை: கைக்கு வேலை தருவது ஒன்று, காதுக்கு வேலை தருவது ஒன்று. அதற்கு மேல் முதல் வருஷம் வேண்டாம்.

சிற்றுண்டிக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் டிக்கெட் இருக்கும், மாணவர்களுக்குச் சலுகை கேட்டுப் பாருங்கள். மேயர், பல்கலைக்கழகத் தலைவர், வங்கி மேலாளர் என்று மேடை நிறைந்திருக்கும். பேச்சுகள் இனிமையாக இருக்கும், யாருக்கும் சுருக்கென்று குத்தாது. முட்டையும் பன்றி இறைச்சியும்தான் தட்டில் வரும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் முலாம்பழத் துண்டுகளோடு எழுந்து வரவேண்டியதுதான்.

சிறப்புரை வெளியாளுடையது என்றால் பெயரைத் தேடிப் பாருங்கள். தொழிற்சங்கக்காரர், வீட்டு வாடகைப் பிரச்சினையில் வேலை செய்பவர், மெம்ஃபிஸை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் என்றால் வேறெதையும் யோசிக்காமல் போய் உட்காருங்கள். பிரபலம் என்பதற்காக மட்டும் அழைக்கப்பட்ட ஆளென்றால், காணொளி எப்படியும் வந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பல்கலைக்கழகத்துக்கே கிங் வந்திருக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் 1967 ஏப்ரல் 14 அன்று, ஒரே நாட்டுக்குள் இரண்டு அமெரிக்கா இருப்பதைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதம் பெர்க்லியில் ஸ்ப்ரவுல் சதுக்கத்தில் பேசினார். மிச்சிகனில் 1962இல். நூலகத்தின் ஆவணப் பிரிவில் கேட்டால் புகைப்படமோ ஒலிப்பதிவோ எடுத்துத் தருவார்கள். நாம் தினம் சாண்ட்விச் தின்னும் படிக்கட்டில் அவர் நின்றிருந்த படத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் உதறத்தான் செய்யும்.

5. பதிவும் விசாவும்

தொண்டுப் பணிக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவு திறந்த அன்றே போட்டுவிடுங்கள். பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள், டி-ஷர்ட் அளவு கேட்பார்கள். (இங்கே மீடியம் என்பது நம் ஊர் லார்ஜ்.) போட்டுவிட்டுப் போகாமல் இருப்பது மட்டும் வேண்டாம், உங்கள் பெயரில் ஒரு இடம் வீணாகும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள், நியாயம்தான். உணவு வங்கி மாதிரி லாப நோக்கமில்லாத அமைப்பில், யாரும் எப்போதும் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலையை, நீங்களும் எந்தப் பிரதிபலனும் இல்லாமல் செய்வது தொண்டு. மற்றவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை, ‘வாலண்டியர்’ என்று பெயர் வைத்து ஒரு நிறுவனத்துக்கு இலவசமாகச் செய்துகொடுப்பது வேறு. அது சிக்கலில் கொண்டுபோய் விடும். சந்தேகம் இருந்தால் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். சீனியர் சொன்னான் என்று எதையும் செய்யாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஊர்வலம் பற்றியும் ஒரு வார்த்தை. நகராட்சி அனுமதியோடு, போலீஸ் பாதுகாப்போடு, குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கிற கிங் தின ஊர்வலத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஓரத்தில் தனியாக யாராவது வாக்குவாதம், சாலை மறியல் என்று தொடங்கினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். வெளிநாட்டு மாணவருக்குக் கைது என்பது, வழக்கு நிற்காவிட்டாலும், விசாவில் கேள்வி கிளப்பும். மாணவர் அடையாள அட்டை பையில் இருக்கட்டும்.

6. அன்று காலை

வளாகம் மூடியிருப்பதால் பேருந்துகள் ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி ஓடும், அல்லது ஓடாது. முந்தைய நாளே பாருங்கள். மாணவர் உணவகமும் தாமதமாகத் திறக்கும், எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஜனவரிக் குளிரில் ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். கையுறை, காதை மூடும் தொப்பி கட்டாயம். காலை மூடிய ஷூ வேண்டும் என்று எழுதியிருந்தால் அது சும்மா எழுதியதில்லை. நான் முதல் தடவை ஓடைக்கரை சுத்தம் செய்யப் பதிவு செய்துவிட்டு, காலுறைக்கு மேல் செருப்பு மாட்டிக்கொண்டு போனேன். குழுத் தலைவி என் காலையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு ஒரு பேனாவைக் கையில் கொடுத்து வரவேற்பு மேஜையில் உட்கார வைத்துவிட்டார். மூன்று மணி நேரம் வருகைப் பதிவேட்டில் டிக் அடித்தேன்.

7. கூட்டத்தில் நடந்துகொள்வது

கறுப்பினத் தேவாலயங்களின் சாயல் இந்தக் கூட்டங்களில் உண்டு. பேச்சாளர் ஒரு வரி சொன்னால் கூட்டத்திலிருந்து ‘ஆமென்’, ‘அப்படிச் சொல்லுங்க’ என்ற தொனியில் குரல் எழும். சிலர் விரலைச் சொடுக்குவார்கள். அது இடையூறு இல்லை, பேச்சாளருக்குக் கொடுக்கிற உற்சாகம். வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடுபவரை நினைத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும். நீங்கள் போட வேண்டியதில்லை, ரசித்தால் போதும்.

கறுப்பின மக்களின் தேசிய கீதம் என்று அழைக்கப்படும் பாட்டைத் தொடக்கத்தில் பாடுவார்கள். எல்லோரும் எழுவார்கள், நீங்களும் எழுங்கள். போனைப் பார்க்காதீர்கள். முடிவில் ‘நாம் வெல்வோம்’ பாட்டு வரும். வலது கையை இடது கைக்கு மேலே குறுக்காக வைத்து இரு பக்கத்தாரின் கையையும் பிடித்துக்கொள்வது வழக்கம். பள்ளிக்கூடத்தில் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ என்று இந்தியில் பாடினோமே, அதேதான். தேவாலயத்திலிருந்து வந்த பாட்டு என்றாலும், சார்ல்ஸ்டனில் 1945-46இல் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர் பெண்கள் பாடித்தான் அது போராட்டப் பாட்டாயிற்று. இங்கேயும் தொழிற்சங்கம்தான், பாருங்கள்.

செய்யக்கூடாதவை சில. மெழுகுவர்த்தி அஞ்சலியில் செல்ஃபி வேண்டாம். ராப் பாட்டில் கேட்டுப் பழகிய, கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்த ‘என்’ (N) வார்த்தையை நகைச்சுவைக்குக்கூட, பாட்டை முணுமுணுக்கும்போதுகூடச் சொல்லாதீர்கள். சகோதரத்துவ அமைப்புகளின் கைச்சைகையையும் கூவலையும் போலச் செய்யாதீர்கள், அவை உறுப்பினர்களுக்கு உரியவை. ‘எங்களுக்கும் நிறவெறி உண்டு, வெள்ளைக்காரன் எங்களையும்தான் ஆண்டான்’ என்று முதல் ஐந்து நிமிடத்தில் தொடங்காதீர்கள். பேச நேரம் வரும். கேள்வி நேரத்தில் கேள்வி மட்டும் கேளுங்கள். தன் சுயசரிதையை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு ‘இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன’ என்று முடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே எடுபடாது. ஊரிலும் எடுபட்டதில்லை என்று வையுங்கள்.

உங்களிடம் யாராவது இந்தியாவைப் பற்றிக் கேட்டால் காந்தியோடு நிறுத்திவிடாதீர்கள். கிங் 1959 பிப்ரவரியில் இந்தியா வந்து ஒரு மாதம் சுற்றினார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று கிங்கை அறிமுகப்படுத்தியதையும், தான் முதலில் திடுக்கிட்டதையும், அப்புறம் யோசித்துப் பார்த்து ஆமாம், நான் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டதையும் 1965இல் தன் தேவாலயத்தில் சொன்னார். நம் சாதியைப் பற்றி யாராவது அங்கே நேராகக் கேட்கவும் கேட்பார்கள். ‘இப்பெல்லாம் அதெல்லாம் இல்லீங்க’ என்று பொய் சொல்லாதீர்கள்.

8. குப்பைத்தொட்டிக்காரரும் நீங்களும்

இரண்டாம் தடவை ஒழுங்காக ஷூ போட்டுக்கொண்டு உணவு வங்கிக்குப் போனேன். சர்க்கரைவள்ளிக்கிழங்கை ஐந்து பவுண்டு பைகளில் கட்டும் வேலை. எங்கள் வரிசைக்குப் பொறுப்பாக இருந்தவர் அறுபதை நெருங்கிய ஒரு கறுப்பினத்தவர். என்னைப் பார்த்ததும் சிரித்தார். “மூன்றாம் மாடி, ஜன்னல் பக்க மேஜை. தினமும் வாழைப்பழத் தோல்” என்றார். எங்கள் ஆய்வகக் கட்டடத்தில் மாலை ஷிஃப்டில் துப்புரவு வேலை செய்பவர் அவர். ஒன்றரை வருஷமாக என் தொட்டியைக் காலி செய்திருக்கிறார். எனக்கு அவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அவருக்கு என் மேஜையே தெரிந்திருக்கிறது. கிழங்கு கட்டி முடிக்கிற வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேசியதில் பாதி ஓய்வூதியம் பற்றி, மீதி அவருடைய பேத்தியின் கூடைப்பந்து பற்றி.

அதனால் சொல்கிறேன், உங்கள் வளாகத்தில் துப்புரவு, சமையல் வேலை செய்பவர்களின் சங்கம் அந்த வாரத்தில் ஏதாவது வைத்திருக்கிறதா என்று தேடுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அந்தத் தொழிலாளர்களின் சங்கம் ஏஎஃப்எஸ்சிஎம்இ என்ற அரசுத் துறை ஊழியர் சங்கம். மெம்ஃபிஸில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சேர்ந்திருந்த அதே சங்கம்தான். நீங்கள் டிஏ (கற்பித்தல் உதவியாளர்) அல்லது ஆர்ஏ (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை பார்ப்பவராக இருந்தால் உங்களுக்கும் சங்கம் இருக்கக்கூடும். கலிபோர்னியா, வாஷிங்டன், கொலம்பியா, ஹார்வர்டு போன்ற இடங்களில் ஆராய்ச்சி மாணவர்களின் சங்கம் யுஏடபிள்யூ, அதாவது வால்டர் ராய்த்தரின் கார்த் தொழிலாளர் சங்கம். காருக்கும் கணக்குத் துறை டிஏவுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் முதலில் சிரித்தேன். மருத்துவக் காப்பீட்டுத் தொகை உயர்ந்தபோது சிரிப்பு நின்றது. சங்கம் உள்ள இடத்தில் எஃப்-1 மாணவரும் உறுப்பினராகலாம்.

9. நீங்களே ஒன்று நடத்த நினைத்தால்

தமிழ் மாணவர் மன்றத்தில் இருப்பவர்களுக்கு இது. இரண்டாம் வருஷத்துக்கு முன் முயலாதீர்கள். ஜனவரி நிகழ்ச்சிக்கு அக்டோபரிலேயே வேலை தொடங்க வேண்டும், ஏனென்றால் டிசம்பரில் எல்லோரும் தேர்விலும் விமானத்திலும் இருப்பார்கள். அறை முன்பதிவு, மாணவர் மன்ற நிதி, உணவு அனுமதி மூன்றும் தனித்தனிப் படிவங்கள்.

கறுப்பின மாணவர் அமைப்பிடம் போய் ‘நாங்கள் ஒன்று நடத்துகிறோம், வாருங்கள்’ என்று தொடங்காதீர்கள். ‘நீங்கள் நடத்துவதில் எங்களுக்கு என்ன வேலை தருவீர்கள்’ என்று கேளுங்கள். முதல் வருஷம் நாற்காலி போடச் சொன்னார்கள், போட்டோம். அடுத்த வருஷம் அவர்களே ஒரு மேஜை ஒதுக்கினார்கள். அதில் கிங்கின் இந்தியப் பயண வரைபடத்தை வைத்தோம். கன்னியாகுமரியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் சூரியன் மறைய மறுபக்கம் நிலா எழுவதைத் தானும் கொரெட்டாவும் பார்த்ததாக அவர் பிறகு சொல்லியிருக்கிறார். சித்திரைப் பௌர்ணமிக்கு நாம் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிற அதே காட்சி. அந்த வரைபடத்துக்கு முன்னால் நின்றவர்கள்தான் அன்று அதிகம்.

பக்கத்திலேயே சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். முந்திரி இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இங்கே கொட்டை ஒவ்வாமை விளையாட்டில்லை. நெய் இருப்பதையும் எழுதுங்கள், பால் பொருள் தொடாதவர்கள் கேட்பார்கள். சின்னக் காகிதக் கிண்ணம் 150 வாங்கினோம், ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. அடுத்த முறை 250 வாங்கினோம்.

10. ஏப்ரல் 4

இந்தத் தேதியையும் நாட்காட்டியில் போடுங்கள். கிங் சுடப்பட்டது மாலை 6 மணி 1 நிமிடத்துக்கு. லொரெய்ன் விடுதி 1991 முதல் அருங்காட்சியகம், அந்த நேரத்தில் அங்கே மாடியில் மலர்வளையம் வைப்பார்கள். சில வளாகங்களிலும் அன்று சிறியதாக ஒரு நினைவுக் கூட்டம் இருக்கும், பெரும்பாலும் தேவாலயத்திலோ சங்க அலுவலகத்திலோ. ஜனவரிக் கூட்டத்தில் பாதிகூட வராது, மேயர் வர மாட்டார், டி-ஷர்ட்டும் கிடையாது. பதிவு எதுவும் வேண்டாம். ஐந்தரைக்கே போய்விடுங்கள், நாற்காலி குறைவாகத்தான் போட்டிருப்பார்கள்.